லாம்ப்ரேக்கு விட்ட வளைவு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது, புதிதாக வந்த பிள்ளைகள் யாராவது, "அன்ரி, ரிட்டையர் ஆகிறதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டால் போதும், நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் அந்தோணி முந்திக்கொள்வார். "ஆத்துல மீனுக்கு விஷம் வைக்கிற வேலை. கவர்மெண்ட்டு சம்பளம் வேற," என்பார். கேட்ட பிள்ளை கையிலிருக்கும் கேக்கை ஒரு தடவை பார்த்துக்கொள்ளும். அதைப் பார்த்து அவருக்கு ஒரே சிரிப்பு. இத்தனை வருடமாக இந்த ஒரே பகிடி, இன்னும் அலுக்கவில்லை மனுஷனுக்கு.

அவர் சொல்வது பொய்யில்லை, அதனால்தான் கோபம் வருகிறது. மெல்பர்னைச் சுற்றியுள்ள ஓடைகளிலும் குட்டைகளிலும் இருக்கக்கூடாத மீன்களை மருந்து போட்டு அழிப்பதுதான் என் வேலை. இருக்கவேண்டிய மீன்களைக் காப்பாற்றத்தான் அதைச் செய்தோம். ஆனால் அந்த இரண்டாவது பாதியைச் சொல்வதற்குள் கேட்டவர்கள் சமோசா எடுக்கப் போய்விடுவார்கள்.

போன மாதம் பழைய அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது அங்கே வேலையே மாறிவிட்டது. ஓடையில் ஒரு போத்தல் தண்ணீர் அள்ளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், மீன் உடம்பிலிருந்து உதிர்ந்த வழவழப்பையும் செதிலையும் வைத்து, அந்தத் தண்ணீரில் என்னென்ன மீன் உண்டு என்று சொல்லிவிடுகிறார்கள். இளசுகள் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள், பெருமைப்பட வேண்டியதுதான். அதில் ஒருத்தி, "உங்க காலத்துல இது இல்லையே, ஒரு உயிரு அங்க இருக்கிறதே தெரியாம மருந்து போட்டுட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அப்படி ஒன்று கிட்டத்தட்ட நடக்கத்தான் இருந்தது. அன்றைக்கு ஆங்கிலத்தில் அரைகுறையாகச் சொன்னதை, நம் ஆட்களுக்கு முழுசாகத் தமிழில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மலேசியாவில் கிள்ளானிலிருந்து இங்கே படிக்க வந்தவள். படித்தேன், ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவினேன், அந்தோணியைக் கட்டினேன், மீன்வளத் துறையில் சேர்ந்தேன். ஆரம்ப வருடங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சேர்ந்த முதல் வாரம் மேலதிகாரி ஒரு டப்பாவைத் திறந்து மண் நிறத்தில் ஒரு பவுடரைக் காட்டி, "ரோட்டினோன். ஒரு கொடியோட வேர்லேர்ந்து எடுக்கிறது," என்றார். மலாய்க்காரர்கள் ஆற்றில் இடித்துப் போட்டு மீன் பிடிக்கும் தூபா வேர்தான் அது. ரோட்டினோன் என்ற பெயர் தெரியாமலே ஊரில் நாங்கள் எல்லோரும் கேள்விப்பட்ட சரக்கு. இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்து, பட்டமும் வாங்கி, கடைசியில் தூபா வேரா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த மேலதிகாரியின் பெயர் கோஸ்தா. கிரேக்கக் குடும்பம், இங்கேயே பிறந்தவர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அவரிடம் ஒரே ஒரு ஆயுதம்தான் இருந்தது. நாம் செய்யப்போகிற வேலையை வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்லி முடித்ததும், "அப்புறம்?" என்பார். அதற்குப் பதில் சொன்னால், மறுபடியும் "அப்புறம்?" நமக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகிற இடத்தில்தான் ஆபத்து உட்கார்ந்திருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. பாதிப் பேர் அவரைக் கண்டாலே வேறு வழியாகப் போய்விடுவார்கள். எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. என் கல்யாணப் புடவையைப் பற்றிச் சொன்னபோதுகூட அப்படிக் கேட்டார் என்றால் பாருங்கள்.

ஒரு ஓடைக்கு மருந்து போடுவது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் சிவப்புச் சாயத்தை விட்டு, தண்ணீர் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு எவ்வளவு நேரத்தில் போகிறது என்று பார்ப்போம். அதற்கேற்ப ஓடை நெடுக இடைவெளி விட்டுப் பீப்பாய்கள் வைத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். கரையோரத் தேங்கல்களுக்கு முதுகில் சுமந்த தெளிப்பான். மண்ணிலிருந்து நல்ல தண்ணீர் ஊறும் இடங்கள்தான் தலைவலி, மீன்கள் அங்கே வந்து மூக்கை வைத்துக்கொண்டு பிழைத்துவிடும். அதனால் மருந்துப் பவுடரை மணலும் ஜெலட்டினும் சேர்த்துப் பிசைந்து, கொழுக்கட்டை மாதிரி உருட்டி ஊற்றுக்கண்களில் வைப்போம். முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு கொழுக்கட்டை பிடித்தது உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும்.

ஓடை முடியும் இடத்தில் இன்னொரு குழு பொட்டாசியம் பர்மாங்கனேட்டைக் கரைத்து விட்டுக்கொண்டிருக்கும். அந்த ஊதாத் தண்ணீர் மருந்தை முறித்துவிடும். அதற்கும் கீழே வலைக்கூண்டில் சில மீன்களை விட்டு வைத்திருப்போம். கூண்டு மீன் துள்ளிக்கொண்டிருந்தால் கீழேயுள்ள ஆறு தப்பித்தது என்று அர்த்தம். அந்த ஊதா கையில் பட்டால் காய்ந்து பழுப்புக் கறையாகிவிடும், தேய்த்தாலும் போகாது. கோடை கடைசியில், தண்ணீர் குறைந்திருக்கும்போதுதான் மருந்து போட முடியும். இங்கே அதுதான் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். வருடா வருடம் தவக்காலத்தில் பழுப்புக் கையை நீட்டித்தான் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவேன். ஒரு தடவை பாதிரியார் நற்கருணையைக் கையில் வைக்கும்போது மெதுவாக, "இந்த வாரம் எந்த ஓடை?" என்று கேட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு. ஓடையில் ஒரு சாண் இடத்தைக்கூட மருந்து படாமல் விடக்கூடாது. ஆணும் பெண்ணுமாக இரண்டே இரண்டு மீன் தப்பினால் போதும், சில வருடத்தில் ஓடை பழையபடி நிறைந்துவிடும். செலவு, உழைப்பு, ஊர்க்காரர்களிடம் வாங்கிய திட்டு எல்லாம் வீண். இதைக் கோஸ்தா என் மண்டையில் ஆணியாக அடித்து வைத்திருந்தார்.

இனி அந்த ஓடை. மெல்பர்னுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில், மரப்பெரணிகளுக்கு நடுவே ஓடுகிற குளிர்ந்த தண்ணீர். அதில் கலாக்ஸியஸ் என்று ஒரு மீன், விரல் நீளம், செதிலே கிடையாது, தங்கத் தூள் தெளித்த மாதிரி மேனி. அந்த வகை வேறு எங்கும் இல்லாமல் அந்த ஓடையில் மட்டும் மிஞ்சியிருந்தது. ஓடையின் தலைமாட்டில் யாரோ ஒரு புண்ணியவான் தன் பண்ணைக் குளத்தில், தூண்டில் போட ஆசைப்பட்டு ரெட்ஃபின் மீனை வளர்த்திருக்கிறார். முதுகில் முள், உடம்பில் கறுப்புப் பட்டை, வாய் எப்போதும் பசியோடு. இங்கிலாந்திலிருந்து வந்த விருந்தாளி. ஒரு வெள்ளத்தில் குளம் வழிந்து ரெட்ஃபின் ஓடைக்குள் இறங்கிவிட்டது. நாங்கள் போய்ப் பார்த்தபோது கலாக்ஸியஸ் பாதிக்கு மேல் காலி.

கீழே ஒரு சின்ன அருவி இருந்தது. கீழாற்றிலிருந்து எந்த மீனும் அதில் ஏறி வராது என்பது எங்கள் கணக்கு. ஆகவே குளத்திலிருந்து அருவி வரைக்கும் மருந்து போட்டால் வேலை முடிந்தது. அந்த வேலைக்குப் பொறுப்பாளி நான். முழுப் பொறுப்பும் என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பண்ணைக் குளத்தை வற்றவைத்தோம். ஒரு வாரமாக, மின்சாரத்தால் மீனை மயக்கிப் பிடிக்கும் முதுகுப் பெட்டியோடு ஓடையில் நடந்து, கலாக்ஸியஸ்களைப் பிடித்துக் குளிர்ந்த தொட்டிகளில் சேர்த்து வைத்தோம். வெள்ளிக்கிழமை மருந்து.

புதன்கிழமை யோகன் என்னைக் கூப்பிட்டான். யோகன் எங்கள் குழுவில் பம்பும் பீப்பாயும் பார்ப்பவன். யாழ்ப்பாணத்துக்காரன். சிட்னியில் வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வெளியே வந்தவன். எங்கள் துறையில் அவனளவுக்குக் கண் கூர்மையானவன் வேறு ஆளில்லை.

"அக்கா, இஞ்ச ஒருக்கா வாங்கோ. வலைக்குள்ள என்னவோ புழு மாதிரிக் கிடக்கு."

"புழுன்னா தூக்கிப் போடு யோகன், ஆயிரம் வேலை கெடக்கு."

"இல்லை அக்கா, இது புழுவில்லை. கண்ணைக் காணேல்லை, ஆனா பக்கத்தில வரிசையா ஓட்டை இருக்கு. செவுள் ஓட்டை மாதிரி."

போய்ப் பார்த்தேன். பென்சில் நீளத்தில் பழுப்பாக நெளிந்துகொண்டிருந்தது. லாம்ப்ரே குஞ்சு.

லாம்ப்ரே என்றால் என்னவென்று சொல்லவேண்டும். விலாங்கு மாதிரி இருக்கும், ஆனால் தாடை இல்லை. வாய் வட்டமாக உறிஞ்சி, உள்ளே சுற்றிப் பல். பெரிசானதும் கடலுக்குப் போய் மற்ற மீன்களில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும். முட்டையிட ஓடைக்குத் திரும்பி வரும். ஆனால் குஞ்சுப் பருவத்தில் பரம சாது. கண்ணும் இல்லை, பல்லும் இல்லை, ஓடைச் சேற்றுக்குள் வருடக்கணக்கில் புதைந்து கிடந்து தண்ணீரில் வரும் தூசு தும்பை வடிகட்டித் தின்னும். இந்த நாட்டில் அது சொந்தக்கார மீன், ஆதியிலிருந்து இங்கேயே இருப்பது. அதைக் கொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. அருவி இருப்பதால் மேலே வராது என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். அந்த உறிஞ்சி வாயால் ஈரப் பாறையைப் பிடித்துப் பிடித்து ஏறிவிடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

கோஸ்தாவுக்குப் போன் போட்டேன்.

"நிறுத்திடலாமா?" என்றேன்.

"நிறுத்தினா, அப்புறம்?"

"அடுத்த கோடைக்குப் போடலாம்."

"அப்புறம்?"

"அதுக்குள்ள ரெட்ஃபின் மிச்சக் கலாக்ஸியஸையும் தின்னுடும். தொட்டியில ஒரு வருஷம் வெச்சிருந்தா அது பிழைக்காது."

"நிறுத்தலேன்னா?"

"சேத்துக்குள்ள எத்தனை லாம்ப்ரே இருக்குன்னு தெரியாது. எல்லாம் போயிடும்."

"அப்புறம்?"

எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. கோஸ்தாதான், "நம்ம கருத்தரங்குக்கு வந்திருக்கிற கனடாக்காரன் இன்னும் ஊருக்குப் போகல," என்றார்.

கனடாக்காரர் பெயர் வால்டர். அங்கே உள்ள பெரிய ஏரிகளில் லாம்ப்ரே வேற்று ஊரான், கடலிலிருந்து கால்வாய் வழியாக நுழைந்து ஏரி மீன்களையெல்லாம் உறிஞ்சிக் குடித்துவிட்ட கொள்ளைக்காரன். அதற்கென்றே அவர்கள் எத்தனையோ மருந்துகளைச் சோதித்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். டி.எஃப்.எம். என்பார்கள். அளவாக விட்டால் சேற்றிலிருக்கும் லாம்ப்ரே குஞ்சு மட்டும் சாகும், மற்ற மீன் பெரும்பாலும் தப்பித்துவிடும். எங்கள் ரோட்டினோனுக்கு அந்த நாசூக்கு கிடையாது, செவுள் உள்ளது எதையும் விடாது. வால்டர் வாலிப வயதிலிருந்து லாம்ப்ரே கொன்றே தலை நரைத்தவர். லாம்ப்ரே குஞ்சு எந்தச் சேற்றில் ஒளிந்திருக்கும் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த மனிதர் அவர். அவரைத்தான் லாம்ப்ரேயைக் காப்பாற்றக் கூப்பிடவேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். ஆள் கதவளவு இருந்தார், சிரிப்பு அதைவிடப் பெரிசு. விஷயத்தைச் சொன்னதும் தொடையில் தட்டிச் சிரித்தார். "நீ என்னைக் கூப்பிட்டது, திருடனைக் கூப்பிட்டு வீட்டுக்குக் காவல் போடற மாதிரி," என்றார். பிறகு தண்ணீரில் இறங்கியவர் அப்படியே மாறிப்போனார். பேச்சே இல்லை. காலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே நடந்தார். பாதம் கணுக்கால் வரை பொதுக்கென்று இறங்கி, அடியில் கல் தட்டாமல் இருந்தால் நிற்பார். மணலும் சேறும் கலந்து, மேலே இலை மக்கிய இடமாக இருக்கவேண்டும். வெறும் களி ஆகாது, வெறும் மணலும் ஆகாது.

நாங்கள் மின்சாரத்தை வேகமாகத் துடிக்கவிட்டு மீனை மயக்குவோம். அவர் அதை மாற்றச் சொன்னார். "மெதுவா. கதவைத் தட்டற மாதிரி மெதுவா." மெதுவாகத் துடிக்கவிட்டால் குஞ்சுக்குச் சேற்றுக்குள் இருப்புக்கொள்ளாது, தானாக வெளியே வரும். வந்த பிறகு வேகத்தைக் கூட்டினால் மயங்கி நிற்கும், அள்ளிவிடலாம். சொன்ன மாதிரியே நடந்தது. சேறு இலேசாகக் கலங்கியது, ஒரு தலை தெரிந்தது, நூடுல்ஸ் ஒன்று எழும்பி வருவது மாதிரி வந்தது. வால்டர் லபக்கென்று கையால் பிடித்தார்.

பிடித்தவர், திரும்பிக்கூடப் பார்க்காமல், தோளுக்கு மேலே கரைக்கு விட்டெறிந்தார்.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. வால்டருக்கே புரியவில்லை. பிறகு முகம் தக்காளியாகச் சிவந்துவிட்டது.

"அக்கா! உந்த மனுசன் எறிஞ்சு போட்டார்!" என்று யோகன் கத்திக்கொண்டே கரையேறினான். நானும் பின்னால் ஓடினேன். அரசாங்க அலுவலர்கள் இரண்டு பேரும் ஒரு வெளிநாட்டு விஞ்ஞானியும் பெரணிப் புதருக்குள் முழந்தாளிட்டு, காய்ந்த இலைகளைப் புரட்டித் தேடினோம். பழுப்பு இலைக்கு நடுவில் பழுப்புக் குஞ்சு, எங்கே தெரியும்? கடைசியில் யோகன்தான் கண்டெடுத்தான், உயிரோடு. வால்டர் அதை வாளியில் விடும்போது, "முப்பது வருஷமா இந்தக் கை இதை மட்டுந்தான் செஞ்சிருக்கு," என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு, "என் கையை நம்பாதே, நீயே அள்ளு," என்று வலையை யோகனிடம் கொடுத்துவிட்டார்.

வாளியில் வெறும் தண்ணீரை ஊற்றியிருந்ததற்கு எனக்கும் திட்டு விழுந்தது. சேறு இல்லாவிட்டால் குஞ்சு ஒளிய இடம் தேடி நீந்தி நீந்தியே களைத்துச் செத்துவிடுமாம். அடியில் சேறு போட்ட பிறகு ஒவ்வொன்றும் தலையை நுழைத்து ஒரு நெளி நெளிந்து மறைந்தது. காலை முழுக்க அள்ளினோம். அதிகம் கிடைத்தது ஒரே இடத்தில்: ஓடை முன்பு ஓடிய பழைய தடம், இப்போது ஒரு பக்கமாகக் கிளைத்து நின்ற வளைவு. கரைமண்ணிலிருந்து நல்ல தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அங்கே மெதுவாகத் தட்டினால் சேறு முழுக்கத் தலைகள்.

"இதுல மிச்சம் எத்தனை இருக்கும்?" என்று வால்டரிடம் கேட்டேன்.

"எங்க ஊர்ல அதைத் தெரிஞ்சுக்க ஒரே வழிதான். மருந்து போட்டுட்டுச் செத்ததை எண்ணுவோம்," என்றார். சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டுக்கொண்டார்.

எவ்வளவு அள்ளினாலும் முழுசாக எடுக்க முடியாது என்று புரிந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அந்த வளைவை அப்படியே விட்டுவிட்டால்? அது ஓடையோடு சேரும் இரண்டு வாயையும் மணல்மூட்டையும் தார்பாயும் போட்டு அடைத்துவிட்டால், ஊற்றுத் தண்ணீர் உள்ளே நிறைந்து வெளிப்பக்கமாகத்தான் கசியும், மருந்து உள்ளே வராது. மற்ற இடங்களில் அள்ளியதையும் அங்கேயே விடலாம். ஆனால் அது ஒரு சாண் இடமில்லை, ஒரு முழு வளைவு. மருந்து படாத வளைவு. அதற்குள் ரெட்ஃபின் ஒரு ஜோடி இருந்தால் எல்லாம் போச்சு. கலாக்ஸியஸ் போச்சு, இனி எந்த ஓடைக்கும் எங்களுக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள், என் பெயரைச் சொல்லித்தான் தரமாட்டார்கள்.

மத்தியானம் கோஸ்தா வந்தார். வளைவின் ஓரத்தில் நின்றுகொண்டு வாய்விட்டுச் சொன்னேன்.

"பொடிக்கண் வலையால இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் மூணு தடவை இழுப்போம்."

"அப்புறம்?"

"மின்சாரத்தை வேகமா வெச்சு நடப்போம். தண்ணி முழங்காலுக்குக் கீழதான், தெளிவா இருக்கு, அடி தெரியுது."

"முட்டை இருந்தா?"

"ரெட்ஃபின் வசந்தத்துலதான் முட்டை விடும். இப்ப கோடை கடைசி. குஞ்செல்லாம் வலைக்கண்ணுல மாட்டற அளவுக்கு வளந்தாச்சு."

"மணல்மூட்டை கசிஞ்சா?"

"உள்ள ஒரு கூண்டுல மீன் வெப்பேன். அது துவண்டா, மருந்தை உடனே நிறுத்துவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த கோடையில வந்து பாப்போம். ஒரு ரெட்ஃபின் கிடைச்சாலும் அது என் தப்பு."

கோஸ்தா வேலைத்தாளை என் கையில் கொடுத்தார். "சரி, கையெழுத்து உன்னுது," என்றார். அவர் வாயிலிருந்து "அப்புறம்" வராமல் ஒரு திட்டம் முடிந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

சொன்னபடியே வலை இழுத்து, மின்சாரம் வைத்து நடந்து, வளைவை அடைத்துவிட்டு, சாயங்காலம் தங்கியிருந்த மோட்டலிலிருந்து அந்தோணிக்குப் போன் பண்ணினேன். அவர் ஸ்பிரிங்வேல் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் தவக்கால வெள்ளி அல்லவா, இறைச்சி கிடையாது, வீட்டில் மீன்கறி.

"என்னா ரெஜி, குரலே சரியில்ல?"

"ஒரு எடத்த மருந்து போடாம விடப் போறேன். தப்பாப் போனா என் வேல போச்சுங்க."

"வேல போனா வீட்டுல ஒக்காந்து மீன் கழுவு லா. இத்தன வருஷமா நான்தான கழுவுறேன்."

அது உண்மைதான், நான் வீட்டில் மீன் கழுவவே மாட்டேன், வேலையில் பார்ப்பதே போதும் என்று. அவர் சொன்ன விதத்தில் சிரித்துவிட்டேன், பாரம் பாதி குறைந்தது.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறியதும் பீப்பாய்களைத் திறந்தோம். கொஞ்ச நேரத்தில் ரெட்ஃபின்கள் மேலே வந்தன, கரையோரத்தில் வாயைத் திறந்து திறந்து சுற்றி, பிறகு சரிந்தன. அழகான மீன்கள்தான். எத்தனை வருடம் பார்த்தாலும் அது எனக்குப் பழகவில்லை, அதை மறைக்க மாட்டேன். அதுவும் யாரோ கொண்டுவந்து விட்டதால் வந்தது, தானாக வரவில்லை. யோகன் அருவியடியில் ஊதாத் தண்ணீரைக் கவனித்துக்கொண்டிருந்தான். கூண்டு மீன்கள் துள்ளுகின்றன என்று வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தான். வால்டர் காலையிலிருந்து அந்த வளைவைவிட்டு நகரவில்லை. மடக்குக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, உள்ளேயிருந்த கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தார்பாய் ஓரத்தில் ஒரு குமிழி வந்தாலும் எழுந்து போய்க் காலால் மணல்மூட்டையை அழுத்துவார்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு வேடிக்கை. தவக்கால வெள்ளி என்பதால் எனக்கு இறைச்சி இல்லை, வீட்டிலிருந்து கிளம்பும்போதே அந்தோணி போத்தலில் போட்டுக் கொடுத்தனுப்பிய டின் சார்டின் சம்பலும் ரொட்டியும். யோகனுக்கு வெள்ளிக்கிழமை மரக்கறி. செத்த மீன் மிதக்கும் ஓடைக்கரையில் உட்கார்ந்து நான் மீன் தின்கிறேன், அவன் கத்திரிக்காய்ப் பொரியலைத் தின்றுகொண்டு என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறான்.

"அக்கா, உதைப் பார்த்தும் உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?"

"என்னப்பா பண்றது, இன்னிக்கு மாட்டுக்கறி தின்னாத்தான் பாவம்."

"ஓம், மீன் பாவம் இல்லைத்தானே," என்று அவன் ஓடையைக் காட்டிச் சொன்னதும் எனக்குப் புரையேறிவிட்டது. வால்டர் இரண்டு பேர் சாப்பாட்டிலும் பாதி வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் வரை வளைவுக்குள் கூண்டு மீன் துவளவே இல்லை. சில நாள் கழித்து, ஓடைத் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று உறுதியான பிறகு, மூட்டைகளை எடுத்தோம், தொட்டிக் கலாக்ஸியஸ்களைத் திருப்பி விட்டோம். வால்டர் அதற்குள் ஊருக்குப் போய்விட்டார்.

பிறகு ஒரு வருடம். அந்த ஒரு வருடம் நான் தூங்கியதைவிடப் புரண்டதுதான் அதிகம். வலையை மூன்று முறை இழுத்தோமே, வளைவுக்குள் கிடந்த அந்த முறிந்த மரத்தடிக்குக் கீழே இழுத்தோமா? குளிக்கும்போது நினைவு வரும், பூசையில் முழங்காலிட்டிருக்கும்போது வரும். வால்டரிடமிருந்து மாதம் தவறாமல் ஒரு மின்னஞ்சல் வரும், ஒரே வரி: ஏதாவது தெரிந்ததா? அவருக்கு என்ன கவலை என்று முதலில் புரியவில்லை. அவர் ஊரில் இல்லாத ஓடை, அவர் மீன் இல்லை, அவர் கையெழுத்தும் இல்லை.

அடுத்த கோடையில் போனோம். குளத்தடியிலிருந்து அருவி வரைக்கும் முதுகுப் பெட்டியோடு நடந்தோம். ஒவ்வொரு மடுவிலும் வலையைத் தூக்கும்போது கறுப்புப் பட்டை தெரிகிறதா என்றுதான் கண் போகும். ரெட்ஃபின் ஒன்றுகூட இல்லை. மடுவுக்கு மடு கலாக்ஸியஸ், அதோடு அந்த வருடம் பொரித்த பொடிக் குஞ்சுகள், கண்ணாடித் துண்டு மாதிரி. முறிந்த மரத்தடிக்குக் கீழேயும் இரண்டு தடவை பார்த்தேன். இல்லவே இல்லை. கோஸ்தா கரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்தார், "சாப்பிடப் போகலாம்," என்றார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போல் இருந்தது, கொஞ்சம் அழவும் செய்தேன்.

சாப்பிடப் போவதற்கு முன் வளைவில் இறங்கி மெதுவாகத் தட்டினோம். சேறு கலங்கியது. ஒன்று, இரண்டு, நான்கு என்று தலைகள் எழுந்தன. போன வருடம் நாங்கள் அள்ளி விட்டவை கொஞ்சம் வளர்ந்திருந்தன. அவற்றோடு, நாங்கள் விடவே விடாத, நூல் போலச் சின்னதுகளும் இருந்தன. ஏதோ ஒரு பெரிய லாம்ப்ரே அருவிப் பாறையில் ஏறி வந்து அந்த வருடம் முட்டையிட்டிருக்கிறது.

கனடாவில் அப்போது விடியற்காலையா மாலையா என்றுகூட யோசிக்காமல் வால்டருக்குப் போன் போட்டேன். ரெட்ஃபின் இல்லை என்றேன். "நல்லது, நல்லது," என்றார். கலாக்ஸியஸ் குஞ்சு பொரித்திருக்கிறது என்றேன். அதற்கும் "நல்லது." பிறகு, கேட்கக்கூடாததைக் கேட்பவர் மாதிரி மெதுவாக, "வளைவுல எத்தனை?" என்றார்.

"எண்ணி முடியல. புதுசாப் பொரிச்சதும் இருக்கு," என்றேன்.

நூல் மாதிரிச் சின்னது என்று அளவும் சொன்னேன்.

"ரெஜினா, வாழ்நாள் பூரா இந்தக் கேள்விக்கு ஒண்ணுமே இல்லைன்னு பதில் வந்தாத்தான் நாங்க பீர் திறப்போம்," என்றார். குரல் உடைந்திருந்தது. "கொஞ்சம் இரு, என் மனைவியைக் கூப்பிடறேன். இதை நீயே அவகிட்ட சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டா." பிறகு போனைக் கையால் மூடாமலே, வீடே அதிரும்படி, "ஏஞ்சலா, வா! லாம்ப்ரே பொரிச்சிருக்கு!" என்று கத்தினார். தூரத்தில் ஒரு பெண் குரல், அடக் கடவுளே எந்த ஓடையில், மருந்து போட இப்பவே கிளம்பணுமா என்று பதறியது. வால்டர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல், "இல்லம்மா, இல்ல, இது நல்ல சேதி," என்று அந்த அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.